குறிப்பு என்று ஒரு கட்டம்

பதிவேட்டில் ஏழு கட்டங்கள்.
வந்த நேரம், போன நேரம்,
பெட்ரோல் எத்தனை காலன்,
தபால் மூட்டை, தலைக்கணக்கு,
காற்று எந்தப் பக்கம்.
கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்கு
குறிப்பு.

அரியெல்லா என்று பேர்.
கம்பெனிக்காரர்கள் அவளை ‘அவள்’ என்றார்கள்.
துபாய்க் கழியில் லாஞ்சு ஓட்டும் தாத் கரீம்
‘அது’ என்றான்.
அது இறங்குது, கயிறை எடு.
நான் பேரேட்டில் எண்ணைத்தான் எழுதினேன்.

ஜனவரி ஒன்பது. வருகை நான்கு பத்து.
காற்று வடமேற்கு. தலை பதினொன்று.
குறிப்பு: ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஒரு பெண்
லாஞ்சில் கால் வைத்ததும் கேட்டாள்,
இது எந்த நாடு?
நான் வந்தே நாலு மாதம்.
தண்ணீர், அம்மா, என்றேன்.

பிப்ரவரியில் ஷமால்.
நாலு எஞ்சினுக்கும் கோணிச்சாக்கை நனைத்து
முக்காடு போட்டோம்.
மூன்று நாள் அது எங்கும் போகவில்லை,
பயணிகள் சீட்டாடினார்கள், சண்டை போட்டார்கள்,
ஒருவர் தாடி வளர்த்தார்.
குறிப்பு: தாமதம்.

மார்ச். இரவு இறக்கம்.
மூன்று ஓடத்தில் மூன்று விளக்கு,
நேர்கோட்டில் நிற்கவேண்டும்.
நடு ஓடத்துக்காரன் தூங்கிவிட்டான்,
நீரோட்டம் அவனை இழுத்துப் போனது.
கோடு வளைந்தது,
விமானியும் வளைந்தே இறங்கினார்.
குறிப்பு: இறக்கம் சீர்.

ஏப்ரல் இரண்டு.
முத்துப் படகு ஒன்று கைவிட்டுப் போன நங்கூரக்கல்
வற்றத்தில் தலைநீட்டிக் கிடந்திருக்கிறது.
வயிற்றில் கிழிசல்.
தபால் அறையில் கணுக்கால் தண்ணீர்.
மெக்கானிக் பஹ்ரைனில்,
பஹ்ரைன் நாளை மறுநாளில்.

தாத் கரீம்தான் மர்ஜானைக் கூட்டி வந்தான்.
முத்து விலை விழுந்து
கடனோடு கரையில் உட்கார்ந்திருந்தவன்.
மூக்கில் எலும்புக் கவ்வி, காலில் கல்,
வாயில் கடித்த துணிப்பொட்டலம்.
இறங்கினான்.

நான் தூத்துக்குடிக்காரன், கஸ்பார் மொத்தா,
சங்கு குளிப்பவன் மூச்சை எண்ணப் பழகியவன்.
எங்கள் கடலில் எண்பது, மிஞ்சினால் தொண்ணூறு.
நூறில் கேப்டனைப் பார்த்தேன்.
நூற்றிருபதில் யாரையும் பார்க்கவில்லை.
நூற்று முப்பத்தொன்றில்
தண்ணீருக்கு மேல் ஒரு தலை,
காதோரம் ரத்தம்,
இன்னும் கொஞ்சம் துணி வேணும் என்றது.

பன்னிரண்டு முறை.

விடிந்ததும் அரியெல்லா
கழியை நீளமாகக் கிழித்துக்கொண்டு எழுந்தது.
மர்ஜான் அண்ணாந்து பார்க்கவில்லை.
கீழேயிருந்துதான் அதன் முகம் தெரியும் என்றான்,
சுறா மாதிரி, ஆனால் கண் இல்லை.

மேனேஜர் ஹார்லி பேனாவைத் தட்டினார்.
பேரெல்லாம் வேண்டாம் மொத்தா, இடம் போதாது.
செலவுக் கணக்கு: துணி, சுறா எண்ணெய், ரூபாய் இரண்டு.
குறிப்பு: உள்ளூரில் சரிசெய்யப்பட்டது.

அதன்பின் அது கராச்சி போனது, பஸ்ரா போனது,
யுத்தத்தில் சாம்பல் நிறம் பூசிக்கொண்டது,
யார் யாரையோ சுமந்தது. அதெல்லாம்
வேறு பதிவேடு, வேறு கையெழுத்து.

பத்து வருஷம் கழித்து ஒரு கடிதம்.
பழைய விமானம் உடைக்கும் பட்டறையிலிருந்து.
அடிவயிற்றில் கையகலத்துக்கு மஞ்சள் கட்டி,
உளிக்கு அசையவில்லை.
என்ன பொருள், யார் செய்தது?
எங்கள் ஏட்டில் விவரம் இல்லை.

மர்ஜான் அப்போது எண்ணெய்க் கம்பெனியில்
குழாய்க்குக் காவல்.
சிரித்தான். சுண்ணாம்பு, சுறா எண்ணெய், என் தலைத்துணி.
கொஞ்சம் பயம்.
அதையும் எழுது.

வெள்ளைத்தாள், கட்டம் எதுவும் இல்லை.
அவன் பேர், அவன் அப்பா பேர்,
எண்ணிய மூச்சு எல்லாம் எழுதினேன்.
பயத்தை எழுதினேனா, நினைவில்லை.

பதில் வரவில்லை.
அதற்குள் தபால் தரையில் இறங்கும் விமானத்துக்கு
மாறிவிட்டிருந்தது.
கழியில் கயிறு கட்டிய மிதவை மட்டும்
இழுக்க ஆளில்லாமல்
ஏற்றத்துக்கு ஒரு பக்கமும்
வற்றத்துக்கு ஒரு பக்கமும்
திரும்பிக்கொண்டிருந்தது.